விசாவுக்கு வாங்குன கோட்டு

நாங்க அமெரிக்காவுல ஃபிரிஸ்கோவுல இருந்தப்போ, என் மகன் சிட்டிசன் ஆகி ஆறு மாசத்துல கோர்ட்ல இருந்து கடிதாசி வந்துச்சு. ஜூரி ட்யூட்டியாம். எவனோ பண்ணது சரியா தப்பான்னு இவன் போய்ச் சொல்லணுமாம். வீட்டுல டிவி ரிமோட் யாருக்குங்கிறதுலயே இவன் தீர்ப்பு எடுபடாது.

திங்கக்கிழமை கோர்ட்டு. வியாழக்கிழமை எல்லாருக்கும் ஊருக்கு டிக்கெட். மருமகளோட தங்கச்சிக்குக் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை வரலைன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு அவளுக்கு ஒரே கவலை. கோர்ட்டு தேதியை ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போட்டாச்சு. போனாலும் பாதிப் பேரை வேண்டாம்னு அனுப்பிடுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்களாம். அந்தப் பாதியில இவன் இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

"கைலியும் அந்த ஓட்டை பனியனும் போட்டுட்டுப் போடா. வாசல்லயே திருப்பிடுவாங்க"ன்னேன்.

"அம்மா, அது கோர்ட்டும்மா."

மகனுக்கும் மருமகளுக்கும் கவர்ன்மென்ட்டுன்னா சென்னை விசா ஆபீஸ்தான். அன்னிக்கு விசா இன்டர்வியூவுக்கு வாங்குன கோட்டை ஞாயித்துக்கிழமை பெட்டியில இருந்து எடுத்தான். மூச்சைப் பிடிச்சாத்தான் பட்டன் போட முடிஞ்சுது. டை, பாலிஷ் போட்ட ஷூ, அப்புறம் ஒரு ஃபைல். அதுல டிகிரி சர்டிஃபிகேட், சம்பள சிலிப், கல்யாண போட்டோ.

"கல்யாண போட்டோ எதுக்குடா? திருடனுக்குக் காட்டவா?"

"கேட்டா இருக்கட்டும்மா."

மருமக சொன்னா, "டீசன்ட்டா போனாத்தான் அத்தை மதிப்பாங்க."

"மதிச்சா விடமாட்டாங்களேம்மா"ன்னேன். யார் கேட்டா?

சாயங்காலம் வந்து சோபாவுல தொப்புன்னு உக்காந்தான். ஜூரியில இவனை எடுத்துட்டாங்களாம். கேஸ் ரெண்டு வாரம் நடக்குமாம். அங்க வந்தவன்லாம் அரை டிராயர், ரப்பர் செருப்பு. வக்கீலுங்களை விட்டா கோட்டு போட்டவன் இவன் ஒருத்தன்தான். பக்கத்துல இருந்த அரை டிராயரை மத்தியானமே அனுப்பிட்டாங்களாம். இவன்கிட்ட, நடுநிலையா இருக்க முடியுமான்னு ஜட்ஜ் கேட்டிருக்காரு. இவன் எந்திரிச்சு நின்னு, "எஸ் சார், டெஃபினட்லி சார்"னு சொல்லி, கேட்காமலே ஃபைலையும் தொறந்திருக்கான்.

"ஊருக்குப் போகணும்னு சொல்றதுக்கு என்னடா?"

"கவர்ன்மென்ட்டுல கேக்கறப்போ நோன்னு எப்படிம்மா சொல்றது?"

மருமக பிள்ளைங்களைக் கூட்டிட்டு அழுதுகிட்டே ஃபிளைட் ஏறினா. இவனுக்கு ரசம் வைக்க நான் தங்கிட்டேன்.

கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல இருந்து அவ போன் பண்ணா. குரல்ல அழுகையே இல்லை. மாப்பிள்ளை எங்கன்னு கேட்டவங்களுக்கெல்லாம், அமெரிக்கா கோர்ட்ல ஜட்ஜா உக்காந்திருக்காருன்னு சம்பந்தி சொல்லிட்டாராம். வரப்புத் தகராறுல இருக்கற ரெண்டு பேர் இவன் நம்பர் கேட்டாங்களாம்.

"அத்தை, கோட்டு போட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. அப்பா எல்லாருக்கும் காட்டணுமாம்."

கைலியோட இருந்தவன் அப்படியே மேல கோட்டை மாட்டி, ஃபிரிட்ஜ் பக்கத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான்தான் கேமராவை அமுக்கினேன், இடுப்புக்கு மேல மட்டும்.