குதிரை வாங்கப் போனவன்

வெண்டல் ஸ்டோக்ஸுக்குக் குதிரை என்றால் பயம். வியாழக்கிழமை சாயங்காலம் நாட்டில் பாதிக் குடும்பங்கள் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, டிவியில் அவன் குதிரைமேல் புழுதி கிளப்பிப் போவதைப் பார்த்தன என்பதற்காக இந்த உண்மை மாறிவிடாது. ஒஹாயோவில் செருப்புக் கடையில் ஊரார் பாதங்களை அளந்துகொண்டிருந்தவன். தாடை மட்டும் கடவுள் தனியாக உட்கார்ந்து இழைத்தது போல இருக்கும். இந்தத் தாடையை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்கிறாய் என்று ஒரு அம்மாள் கேட்டுவைக்க, அவளுடைய இடது காலை அளந்தவன் வலது காலை அளக்காமலே கலிஃபோர்னியாவுக்குப் பஸ் ஏறிவிட்டான்.

பல வருஷம் படங்களில் கூட்டத்தில் ஒருவனாக நின்றபிறகு ‘கசப்புக் கிணறு’ என்ற டிவி தொடரில் அவனுக்கு ஒரு வேடம் கிடைத்தது. கதை நடக்கும் ஊரின் காவல் அதிகாரி ஷெரிஃபுக்கு உதவியாள், பெயர் எஸ்ரா. ஷெரிஃப் ஆறடி உயரத்துக்கு நேர்மையாக நிற்பார். எஸ்ரா பக்கத்தில் நின்று, “இப்ப என்ன பண்றது, ஷெரிஃப்?” என்று கேட்க வேண்டும். கதையில் ஜனங்களுக்குப் புரியாததை ஷெரிஃப் அவனுக்கு விளக்குவார். வெண்டல் அதை நிஜமாகவே தெரியாதவன் போலக் கேட்டான். அநேக நாள் நிஜமாகவே தெரியாதுதான். பார்ப்பவர்களுக்கு அவன்மேல் உயிர்.

அவனைச் சுமந்த சாம்பல் நிறக் குதிரைக்குப் பிஸ்கட் என்று பெயர். அதற்கு அவனைக் கண்டால் ஆகாது. அங்கவடியில் அவன் கால் வைத்ததுமே பெருமூச்சு விடும். ஒலிப்பதிவில் அந்தப் பெருமூச்சை அழிப்பதற்கென்றே ஓர் ஆளை வேலைக்கு வைத்தார்கள், அந்த ஆள் அந்தச் சம்பளத்திலேயே வான் நைஸில் வீடு கட்டிக் குடியேறினான் என்பார்கள். அதை நம்பாவிட்டாலும் போகட்டும். பிஸ்கட்டுக்கு வந்த ரசிகர் கடிதங்கள் வெண்டலுக்கு வந்ததைவிட அதிகம் என்பதை நம்பித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது வருஷம், எல்லாக் கதையிலும் வரும் அந்த ஒரே பாறைக்கு முன்னால் படப்பிடிப்பு. டைரக்டர் கையிலிருந்த காகிதம் காற்றில் பறந்து பிஸ்கட்டின் மூக்கில் ஒட்டியது. அது மிரண்டு குதித்ததில் வெண்டல் கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அவனை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். தொடரை எழுதிய மில்டன் ஃபார்பருக்கு அன்று பல்வலி. எஸ்ரா எங்கே என்று யாராவது கேட்பார்களே என்று, ஷெரிஃபுக்கு ஒரே ஒரு வசனம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பல் வைத்தியரிடம் ஓடினான். “எஸ்ராவை வடக்கே அனுப்பியிருக்கேன், குதிரை வாங்க.”

அடுத்த வாரம் புது உதவியாளாக ஒரு பையன் வந்தான். கிட்டார் வாசித்தான். பெண்கள் கூச்சலிட்டார்கள். வெண்டல் கட்டவிழ்த்துக் கைத்தடியோடு நடந்து, பிறகு கைத்தடியையும் விட்டுவிட்டான். ஸ்டூடியோவிலிருந்து தொலைபேசி வரவில்லை. ஒப்பந்தம் சத்தமில்லாமல் முடிந்துபோனது. எஸ்ராவைக் கொல்லவும் இல்லை, திரும்பக் கூப்பிடவும் இல்லை.

வேறு தொடர்களில் வாய்ப்புக் கேட்டுப் போனான். எல்லாரும் காப்பி கொடுத்து உபசரித்தார்கள். கடைசியில் ஒருவர்தான் மனசு இரங்கி உள்ளதைச் சொன்னார். “நீ நல்ல ஆளுதான் வெண்டல். உனக்கு நான் திருடன் வேஷம் குடுத்தா, ஜனங்க எஸ்ரா ஏன் கெட்டுப்போனான்னு கேப்பாங்க. பாதிரியார் வேஷம் குடுத்தா, எப்ப மனசு மாறினான்னு கேப்பாங்க. நீ இன்னும் வழியிலயே இருக்கியேப்பா. நான் எப்படி உன்னை எடுத்துக்கறது?”

வழியில் இருப்பவனை ஊர் விடுமா? கறிக்கடைக்காரர் எலும்பை வெட்டிக்கொண்டே, குதிரை கிடைத்ததா என்று கேட்டார். வேகமாகப் போனதற்காகக் காரை நிறுத்திய போலீஸ்காரர், குதிரை வாங்கும் அவசரமா என்று கேட்டார். பல் பிடுங்கியவர் அவன் வாய்க்குள் இடுக்கியை வைத்துக்கொண்டே கேட்டார். முதலில் வெண்டலும் சிரித்தான். பிறகு சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். அவனுடைய அப்பா காலமாகி, ஒஹாயோவில் பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஆம்ப்ரோஸ் சித்தப்பா அவன் காதருகே குனிந்தார். ஆறுதல் சொல்லத்தான் குனிகிறார் என்று வெண்டல் தலையைச் சாய்த்தான். “அப்ப, குதிரை எப்பதான் வாங்குவே?” என்றார் சித்தப்பா.

அங்கிருந்து திரும்பிய அன்றே மில்டனைத் தேடிப் போனான். மில்டன் மேசையில் காலைத் தூக்கிப் போட்டு, ஊறுகாய் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“மில்டன், என்னைக் கொன்னுடு.”

மில்டன் கடிப்பதை நிறுத்தவில்லை. “எதால?”

“துப்பாக்கியால. நடுத்தெருவுல.”

“காய்ச்சல்ல போயேன். செலவு கம்மி.”

“காய்ச்சல்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். நான் விழணும், அதை எல்லாரும் பாக்கணும். பாத்தாத்தான் என்னை விடுவாங்க.”

மில்டன் காலைக் கீழே இறக்கினான். “ஒரு வரிதான்யா எழுதினேன்,” என்றான். “பல்வலியில எழுதினது.”

அந்த வாரமே எழுதிக் கொடுத்தான். எஸ்ரா குதிரை மந்தையோடு திரும்பி வருகிறான், ஷெரிஃபுக்கு வைத்த குண்டைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு விழுகிறான். தயாரிப்பாளர் ஹாக்கெட் படித்துப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையசைத்தார். வெண்டல் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுச் சாகப் பழகினான். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாக்லேட் பாகுதான் ரத்தம். அடுக்களையிலிருந்து ஒரு புட்டி வந்தது. மனைவி வெர்னா தொலைபேசி நிலையத்தில் வேலை முடித்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் ஷெரிஃபாகத் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வாங்கிக்கொள்வாள். விரிப்பெல்லாம் பாகாகிறதே என்று திட்டியபடியே வாங்கிக்கொள்வாள்.

வெண்டல் பெரிய நடிகன் அல்ல, அது வெர்னாவுக்கும் தெரியும். ஆனால் ஒரு நாள் என்னவோ நடந்தது. வசனத்தைச் சொல்லி முடித்தபிறகு அவன் வேறெதுவும் செய்யவில்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுவதைக் கேட்பவன் போலக் கிடந்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை விட்டுவிட்டான். அவ்வளவுதான்.

“எழுந்திரு வெண்டல்,” என்றாள் வெர்னா. அவன் அசையவில்லை. “போதும், எழுந்திருன்னா.” தோளில் ஓர் அறை வைத்தாள். கண்ணைத் திறந்தவன், அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, “நல்லாருந்துதா?” என்று கேட்டான். இன்னோர் அறை விழுந்தது.

படம் பிடிக்க இருந்த வாரம் ஹாக்கெட் கூப்பிட்டனுப்பினார்.

“உனக்கு நல்ல சேதி வெண்டல். நீ சாகல.”

தொடருக்குப் பணம் கொடுப்பது ஒரு மக்காச்சோளப் பொரிக் கம்பெனி. அவர்கள் வீடு வீடாக ஆள் அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். ‘கசப்புக் கிணறு’ தொடரை ஏன் பார்க்கிறீர்கள் என்றால், பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். எஸ்ரா இந்த வாரமாவது வந்துவிட மாட்டானா என்று பார்க்கிறார்களாம்.

“நீ வந்தா ஒரு வாரம் பாப்பாங்க,” என்றார் ஹாக்கெட். “செத்தா ஒரு வாரம் அழுவாங்க. வராமலே இருந்தா ஒவ்வொரு வாரமும் பாப்பாங்க.”

“அப்ப நான் என்ன பண்றது, மிஸ்டர் ஹாக்கெட்?”

ஹாக்கெட் வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தியா, அச்சு அசல் எஸ்ரா.”

செய்வதற்கு ஒன்று வைத்திருந்தார். ஊர் ஊராக நடக்கும் சந்தைத் திருவிழாக்களில் பொரிக் கம்பெனியின் கூடாரத்துக்குள் அவன் எஸ்ராவாக நிற்க வேண்டும். கைகுலுக்க வேண்டும். எப்போது வருவாய் என்று கேட்டால், இன்னும் ரெண்டு குதிரைதான் பாக்கி, சீக்கிரம் வந்துடுவேன் என்று சொல்ல வேண்டும். வரமாட்டேன் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றோடு வேலை போய்விடும். முடியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வா என்றாள் வெர்னா. மற்ற கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன, இடுப்பும் பழைய இடுப்பு இல்லை. வெண்டல் போய் நின்றான்.

இரண்டு கோடைக்காலம் நின்றான். சீக்கிரம் வந்துடுவேன், சீக்கிரம் வந்துடுவேன் என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் அதையே சொல்வதாக வெர்னா சொன்னாள்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு செப்டம்பர் மாதம். வெயிலில் மாட்டுச் சாணமும் பஞ்சுமிட்டாயும் ஒரே வாசனையாக வீசிக்கொண்டிருந்தன. கயிற்றுக்கு வெளியே ஒரு கிழவி நெடுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒடிசலான உடம்பு, சர்ச்சுக்குப் போடும் தொப்பி. வரிசையில் சேராமல், திருடனைப் பார்ப்பதுபோல வெண்டலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் குறைந்ததும் கிட்டே வந்தாள்.

“நீ செத்துட்டியே,” என்றாள்.

இத்தனை ஊரில் இப்படி ஒருவரும் ஆரம்பித்ததில்லை.

அவள் பெயர் ஓபல் ஹென்ஸ்லி. அவளும் புருஷன் ஃப்ளாய்டும் பருத்திக் காட்டு வேலைக்காக ஓக்லஹோமாவிலிருந்து வந்தவர்கள். ஒரே மகன் லானி கொரியாச் சண்டைக்குப் போய், வடக்கே பனியில் படையோடு நடந்தவன், பிறகு தகவல் இல்லை. உடலும் வரவில்லை. வருஷக்கணக்காக அவர்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாசல் விளக்கு மட்டும் விடிய விடிய எரியும். வியாழக்கிழமை ‘கசப்புக் கிணறு’ பார்ப்பார்கள், இந்த வாரம் எஸ்ரா வருவானா என்று ஓபல் கேட்பாள், அடுத்த வாரம் வருவான் என்று ஃப்ளாய்ட் சொல்வார். ஒரு வியாழக்கிழமை அவர் எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

“‘ஓபல், அவன் இனி வரமாட்டான்’னாரு. ‘வடக்கே பனியில செத்துப்போயிருப்பான்’னாரு. யாரைச் சொல்றாருன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் அழுதோம். சாப்பாட்டு மேசையில ஜெபம் பண்ணினோம், எஸ்ரான்னு உன் பேரைச் சொல்லித்தான். அதுக்கப்புறம்தான் எங்க பிள்ளைக்குக் கல்லறையில கல்லு நட முடிஞ்சுது. ஃப்ளாய்டும் போயிட்டாரு. நான் இப்ப டிவி போடறதில்ல. இன்னிக்குப் பாத்தா நீ இங்க நிக்கறே, தொப்பி போட்டுக்கிட்டு.”

அவளிடம் கோபம் இல்லை என்று வெண்டல் அப்போதுதான் கண்டான். பயம்தான். எஸ்ரா உயிரோடு இருந்தால், மகனுக்கு அவர்கள் அவசரப்பட்டுக் கல் நட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்.

பின்னாலேயே கம்பெனி ஆள் கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி நின்றிருந்தான். சொல்ல வேண்டிய வாக்கியம் வெண்டலின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் தொப்பியைக் கழற்றினான்.

“நான் எஸ்ரா இல்லம்மா. அவன் அண்ணன்.”

ஓபல் அவன் முகத்தைத் துழாவினாள். “ஒரே மாதிரி இருக்கியே.”

“எங்கம்மாகிட்ட ஒரு அச்சுதான் இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் சொன்னது சரிதாம்மா. பனியிலதான்.”

“தனியாவா கெடந்தான்?”

“இல்ல. நான் கூட இருந்தேன்.”

“வலிச்சுதா அவனுக்கு?”

“குளிருதுன்னான்,” என்றான் வெண்டல். “அப்புறம் குளிரலன்னான்.”

“கண்ணை யாரு மூடினா?”

“நான்தான்.”

ஓபல் தலையசைத்தாள். கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, மடங்கியிருந்த அவன் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். “நீ நல்ல பிள்ளைப்பா,” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள். கயிற்றோரம் நின்றவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்ற, மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். கம்பெனி ஆள் வெண்டலின் முழங்கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனான். அங்கே அவன் கத்தியது ராட்டினச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. கேட்டவரைக்கும் போதுமானதாக இருந்தது.

அதோடு அவனுடைய திருவிழா வேலை போயிற்று. எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் ஷெரிஃப் வடக்குச் சாலையைப் பார்த்து, எஸ்ரா இந்நேரம் கிளம்பியிருப்பான் என்றுதான் சொன்னார். வெண்டல் வான் நைஸில் ஒரு பெயிண்ட் கடையில் சேர்ந்தான். அங்கேயும் ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்கள். நான் அவன் அண்ணனுங்க, அவன் போயிட்டான் என்பான். சிலர் துக்கம் தாளாமல் தேவைக்கு மேலேயே பெயிண்ட் வாங்கிப் போனார்கள், அந்த வட்டாரத்தில் நாய்க்கூண்டுகூட இரண்டு பூச்சுக் கண்டது என்று சொல்வதுண்டு.

மழைக்காலத்தில் ஒரு நாள் வெர்னா வேலை முடிந்து வந்தபோது, வெண்டல் அடுக்களையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள்.

“யாரும் ஒண்ணும் சொல்லல,” என்றான். “எஸ்ரா போயிட்டான், வெர்னா.”

வெர்னா மழைக்கோட்டோடு அப்படியே நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தெரியும்,” என்றாள். “அழு.”