கால்வாயில் கொட்டிய மோர்

நாலு நாடு சுற்றியவள் என்ற மிதப்பு எனக்கு. கருட சேவை பார்க்க அலுவலகத் தோழியைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனபோது, "இந்த மாதிரி ஊர்ல யார் எதைக் குடுத்தாலும் குடிச்சிடாத. சுத்தபத்தம் தெரியாதவங்க" என்று பஸ்ஸிலேயே பாடம் நடத்தினேன்.

வீதியில் ஒரு அம்மா தன் வீட்டு வாசலில் அண்டா நிறைய நீர்மோர் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களையும் கூப்பிட்டார். வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் தள்ளிப் போய், தோழியின் கப்பையும் பிடுங்கி, இரண்டையும் கால்வாயில் கொட்டினேன். திரும்பினால், அந்த அம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கூட்டத்தை இடித்துக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடி, ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

"சீல் பிரிக்கலம்மா, பாத்துக்கோ. வெயில்ல நடந்து வந்துக்கினு இருக்கீங்க. சாமி வர்ற நாள்ல எங்க வாசலைத் தாண்டி யாரும் தாகத்தோட போவக்கூடாது."

மன்னிப்புக் கேட்டு, இன்னொரு கப் மோர் வாங்கிக் குடித்திருக்கலாம். பாட்டிலை வாங்கிக்கொண்டேன். தோழி அந்த அம்மாவோடு போய் அண்டா அருகே கையை நீட்டினாள்.

நான் சீல் பிரிக்காத பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, சுத்தபத்தம் தெரிந்தவளாகத் தள்ளியே நின்றேன்.