மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்

இதைக் கேட்டுவிட்டு, மிலிட்டரிக்காரன் சரக்கடித்துவிட்டு உளறுகிறான் என்று நீங்கள் நினைத்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. கேன்டீனில் வருகிற பாட்டிலைக்கூட மச்சானுக்குக் கொடுத்துவிடுகிற ஆள் நான். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தேன், பிணத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். என் வீட்டுக்காரி வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினால் திட்டுவேன். இப்போது திட்டுவதில்லை, அவ்வளவுதான்.

பனிமலையில் ரோந்து போகும்போது எல்லோரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கோத்துக்கொண்டுதான் நடப்போம். ஒருவன் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டுமே. மூட்டம் வந்துவிட்டால் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது, அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வரிசையாக நம்பர் சொல்ல வேண்டும். எங்கள் கயிற்றில் ஏழு பேர். முதலில் போகிற சுபேதார் சாப் ஒன்று. நான், தங்கப்பாண்டி, ஐந்து. எனக்குப் பின்னால் ஆறு, வருசநாட்டு ராசு. எனக்கு முன்னால் நாலு, ராயப்பன்பட்டி சேசுராஜ் அண்ணன். மூன்று பேரும் தேனி மாவட்டம் என்பதால் சேர்த்தே போட்டிருந்தார்கள். ஒருநாள் அந்த எண்ணிக்கை மூன்றோடு நின்றுபோனது. பிளவு அண்ணனை விழுங்கிவிட்டது. உடம்பு கிடைக்கவே இல்லை. ராயப்பன்பட்டிக் கல்லறையில் புதைத்த பெட்டிக்குள் அவருடைய யூனிஃபார்ம் மட்டும்தான் இருக்கிறது.

எல்லோரும் ரிட்டயர் ஆன பிறகும் வருஷா வருஷம் அவர் இறந்த நாளில் ஆறு பேரும் அந்தக் கல்லறைக்குப் போவோம். திருநெல்வேலியிலிருந்து சாப் வருவார், கொல்லத்திலிருந்து ரெண்டாம் நம்பர் வருவான். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரிசையாக நின்று நம்பர் சொல்வோம். மூன்று சொன்னதும் ஒரு மூச்சு விடுகிற நேரம் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அது அண்ணனுடைய இடம். அப்புறம்தான் நான் ஐந்து என்பேன்.

போன வருஷம் ராசுவின் மனைவி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. வருசநாட்டுக்கு மேலே, காட்டை ஒட்டிய இலவந்தோப்பில் அவன் மட்டும் தனியாக. போனில் பேசும்போதெல்லாம், "யாருக்காகண்ணே இருக்கணும்" என்பான். சுபேதார் சாப்பிடம் சொன்னேன். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணிக்கு எல்லோரும் போனில் ஒன்றாகச் சேர்ந்து நம்பர் சொல்ல வேண்டும். ராசுவிடம், "அடுத்த ஞாயித்துக்கிழமை உன் நம்பர நீதான் சொல்லணும், இது ஆர்டர்" என்றார். அவனும் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. தேனியில் என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன், நன்றாக விடிந்துவிட்டது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. ராசு இன்னும் சேரவில்லை. தோப்பில் சிக்னல் கிடைக்காது, மேட்டில் ஏறித்தான் சேருவான், சில நாள் பிந்தும். சாப் ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டார், ஆரம்பித்துவிட்டார். ஒண்ணு. ரெண்டு. மூணு.

"நாலு."

நம்பினால் நம்புங்கள், தெளிவாகக் கேட்டது. மேடு ஏறி வந்தவன் மூச்சு வாங்கச் சொல்வது போலக் கேட்டது. எனக்கு மூளை வேலை செய்வதற்குள் வாய் பழக்கதோஷத்தில் 'அஞ்சு' என்று சொல்லிவிட்டது. ஆறு வரவில்லை. கொஞ்சம் பொறுத்து ஏழாம் நம்பர், 'ஏழு' என்றான்.

"எவன்டா நாலு சொன்னது? செத்தவன வச்சு விளையாடுறீங்களா?" என்று சாப் கத்தினார். கொல்லத்துக்காரன், "நானில்ல சாப், சத்தியமா நானில்ல" என்று அழவே ஆரம்பித்துவிட்டான். நான் போனை எடுத்துத் திரையைப் பார்த்தேன். ஐந்து பேர்தான் இருந்தோம். ஐந்து பேரும் அவரவர் நம்பரைச் சொன்னவர்கள். அப்படியானால் நாலு எந்தப் போனிலிருந்து வந்தது?

அதை யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. நாலு வந்துவிட்டது, ஆறைக் காணோம். என் புத்தி இதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. ராசுவுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். சட்டைகூட மாற்றாமல் வண்டியை எடுத்தேன். கண்டமனூர், கடமலைக்குண்டு எல்லாம் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. கடவுளே, மருந்து கிருந்து குடித்திருக்கக் கூடாது, அவன் திட்டினாலும் பரவாயில்லை, அடித்தாலும் பரவாயில்லை, கதவைத் திறந்து வெளியே வரட்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டுக் கதவு திறந்துகிடந்தது. அடுப்பு சில்லென்று இருந்தது. போன் சார்ஜ் இல்லாமல் கட்டிலில் கிடந்தது. தோப்புக்கு வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"மிலிட்டரிக்காரரா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடைப் பக்கம் போனாக. அதுக்கப்புறம் பாக்கல. அன்னைக்கு ராத்திரி ஓடையில காட்டுத்தண்ணி வந்துச்சுல்ல, அங்கன யாரும் போகலையே."

அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். கரை இடிந்த இடத்தில், கீழே பாறைகளுக்கு நடுவில் ராசு கிடந்தான். ஒரு கால் திரும்பிக் கிடந்தது. உதடெல்லாம் வெளுத்துப்போய், கண்ணை மூடியிருந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். "ராசு, ஏலே ராசு" என்று கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமலே, "ஆறு" என்றான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இதற்கு அடுத்ததுதான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவன் இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. தோப்பிலிருந்து அவனே எடுத்துப்போன கயிறுதான், எதற்கு எடுத்துப் போனான் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. ஆனால் இடுப்பில் இருந்தது நாங்கள் பனிமலையில் போடுகிற முடிச்சு. கயிற்றின் மறுமுனை மேலே, கரையில் நின்ற மருதமரத்து வேரில் கட்டியிருந்தது. அந்தக் கயிறு மட்டும் இல்லாவிட்டால் வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போயிருக்கும். கால் ஒடிந்தவன் இரண்டு ஆள் உயரம் ஏறிப் போய்க் கட்டிவிட்டு, திரும்பவும் கீழே வந்து படுத்தானா? ஆட்டுக்காரரும் அதையேதான் கேட்டார்.

தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாப் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார், மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, முறை வைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் காலை என் முறை. இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டு நல்ல தெளிவாகத்தான் பேசினான்.

"அண்ணே, ரெண்டு ராத்திரியும் சேசு அண்ணே எங்கூடத்தான் இருந்தாக. கயித்தக் கட்டுனதே அவுகதான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாக."

"என்னடா?"

"அன்னைக்குக் கொக்கியத் திருகாம விட்டது அவுகளேதானாம். கை மரத்துப்போயி மறந்துட்டாகளாம். தங்கப்பாண்டி இனியும் மனசப் போட்டு உழப்பிக்க வேணாம்னாக. அது என்ன கொக்கிண்ணே?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கட்டினவளிடம்கூட. அன்று காலை அண்ணனுக்கு விரல்கள் வீங்கியிருந்தன. கூடாரத்துக்குள் வைத்து அவரைக் கயிற்றோடு சேர்க்கிற கொக்கியை மாட்டிவிட்டவன் நான். மாட்டின பிறகு அது திறக்காமலிருக்க மரையைத் திருகி இறுக்க வேண்டும். எனக்கும் விரல் வலி, அப்புறம் திருகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் விழுந்ததும் கயிற்றை முதலில் இழுத்தவனும் நான்தான். கொக்கி உடையாமல், வாய் திறந்து தொங்கியது. மூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கழற்றிப் பிளவுக்குள் போட்டுவிட்டு, கொக்கி குளிரில் உடைந்துவிட்டது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். ராசு அப்போது கூடாரத்திலேயே இல்லை.

"நெசந்தானாண்ணே? அவுகதான் மறந்தாகளா?" என்று ராசு என் முகத்தையே பார்த்தான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு பெரிய மனது பண்ணி ஒருவர் என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாடா. அவருதான் மறந்துட்டாரு" என்றேன்.

"சரிண்ணே. நீங்க ஆமான்னு சொன்னீகன்னு அவுககிட்டச் சொல்லிர்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய் இட்லிக்கு வாயைத் திறந்தான்.

ராசு இப்போது நன்றாக நடக்கிறான். என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவனுக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறோம், தினமும் பார்க்கிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டானா என்று மட்டும் நான் இதுவரை கேட்கவில்லை.