இரண்டாவது சேனல்

எங்கள் லேபில் கழித்துக்கட்டும் சாமான்களின் பட்டியலில் இந்த வாரம், கேட்ட வோல்ட்டில் மின்சாரம் கொடுக்கும் அந்தப் பழைய பவர் சப்ளைப் பெட்டியும் சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட வேண்டியவன் நான். ஸ்டோர்காரர் அதைத் தூசியோடு என் மேஜையில் வைத்து, "சாப், ஏக் பார் சலாகே தேக் லீஜியே" என்றார். அவர் சொன்னபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். சூடேறியதும் தூசி கருகும் வாடை வந்தது. உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உட்காரத்தான் தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

கருகல் வாடை வந்தால் எனக்குச் சுதா ஞாபகம்தான். முன்பு இதே லேபில் என்னோடு வேலை பார்த்தவள், மோதி பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. டெல்லியில் பிறந்தும் வீட்டுத் திருநெல்வேலித் தமிழை விடாதவள். நடுநடுவே ஒரு 'அச்சா' மட்டும் விழும். எனக்கு நிரந்தர வேலை, அவளுக்கு ஒப்பந்தம்தான். எட்டு மாதம் தனியாக உட்கார்ந்து அவள் செய்த சர்க்யூட் போர்டைத் திங்கட்கிழமை கமிட்டி பார்க்கும், பிடித்தால் ஒப்பந்தம் நீளும் என்று பேச்சு.

லேபில் உருப்படியான சப்ளை அது ஒன்றுதான். அதில் மின்சாரம் வெளியே வரும் சேனல்கள் இரண்டு; முதல் சேனல் எனக்கு, இரண்டாவது அவளுக்கு என்று பங்கு. கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு வரி வரியாகக் கட்டளை போகும். எந்தச் சேனல் என்று முதல் வரி, எத்தனை வோல்ட் என்று அடுத்த வரி. முதல் வரியை விட்டுவிட்டால், கடைசியாக யார் எந்தச் சேனலைத் தொட்டார்களோ அதற்கே வோல்ட்டைக் கொடுத்துவிடும். ஆகவே சேனலை மாற்றியவர் மற்றவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பி நான் என் புரோகிராமிலிருந்து முதல் வரியையே எடுத்துவிட்டிருந்தேன். ஒரு வரி மிச்சம் பிடித்த மேதை.

வெள்ளிக்கிழமை மதியம் கீழே கேன்டீனில் ராஜ்மா சாவலில் மூழ்கியிருந்தேன். அந்த ராஜ்மாவின் முன்னால் எனக்கு உலகமே தெரியாது. எதிரே சுதா டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். "அண்ணே, போர்டு ஓடுது. சப்ளைய ரெண்டாவது சேனல்ல விட்டுருக்கேன், பாத்துக்கிடுங்க."

தலையாட்டினேன். மேலே போய் என் இருபத்து நாலு வோல்ட்டை அனுப்பினேன். அவளுடையது ஐந்து வோல்ட் போர்டு. புகை வந்த பிறகுதான் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. ஏதாவது பிழை உண்டா என்று சப்ளையைக் கேட்கும் கட்டளையைத் தட்டினேன். பிழை இல்லை என்று பதில் வந்தது.

மேலதிகாரியிடம் சப்ளை மக்கர் செய்கிறது என்றேன். திங்கட்கிழமை கமிட்டிக்குக் காட்ட ஒன்றுமில்லை. சோதனைக்குப் போன சப்ளை பழுதில்லை என்ற சான்றிதழோடு திரும்பியது. அப்படியானால் கோளாறு போர்டில்தான் என்று எழுதிவிட்டார்கள். ஒப்பந்தம் நீளவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கடைசி நாள் என் மேஜைக்கு வந்தாள். "நான் சொன்னேம்லா, அண்ணே" என்றாள். அவ்வளவுதான். வேறு யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

இப்போதைய சப்ளைகளுக்கு ஒவ்வொரு கட்டளையிலும் சேனல் எண்ணும் சேர்ந்தே போகிறது. யாரும் யாரிடமும் எதையும் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டியதில்லை. கேன்டீனையும் மூடியாயிற்று. ஒருமுறை மோதி பாக் பக்கம் தேடிப் போனேன். அவர்கள் இருந்த வரிசை வீடுகளையே காணோம்.

ஸ்டோர்காரரின் படிவத்தில் என்ன பழுது என்று ஒரு கட்டம் இருந்தது. பழுது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் சப்ளையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். அதுவும் போய்விட்டால், அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவன் இனி இந்தக் கட்டடத்தில் நான் மட்டும்தான்.