பதினெட்டு ரூபாய்ச் சீட்டு

என் மேசை மேல் ஒரு பிளைவுட் பெட்டி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். முகப்பில் நான்கு குட்டி பல்புகள், அவற்றின் கீழே நான்கு பித்தளைப் பொத்தான்கள், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருகினால் ஏதாவது ஒரு பல்பு எரியும். அது அணைவதற்குள் அதன் பொத்தானை அழுத்திவிட்டால் மணி அடிக்கும். அடியில் விலைச்சீட்டு. பதினெட்டு என்று எழுதி அடித்து, பன்னிரண்டு என்று எழுதி அடித்து, கடைசியில் எட்டு என்று இருக்கிறது.

செய்தவர் என் அண்ணன். ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஆறு மாதம் உழைத்து இருபத்தைந்து பெட்டிகள் செய்தார். வைகாசித் திருவிழாவில் அவை விற்றுவிட்டால் காஞ்சிபுரத்திலேயே இதைத் தொழிலாக வைத்துக்கொள்ளலாம்; இல்லையென்றால் மாமா பார்த்து வைத்திருந்த பம்பாய் மில் வேலைக்குப் போக வேண்டும். அப்பாவிடம் அப்படித்தான் பேச்சு.

விலை வைத்தது நான். அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. பல்பு, செப்புத் தகடு, ஒயர், ஆணி என்று பட்டியல் போட்டதில் ஒரு பெட்டிக்கு ஏழு ரூபாய் ஆகியிருந்தது. பத்துக்கு விற்கலாம் என்றார் அண்ணன். நான் கேட்கவில்லை. அப்பா பட்டுக் கடையில் விற்பனையாளர். எடுத்த எடுப்பில் ஏற்றிச் சொல்லிப் பேரத்தில் இறங்கி வருவது அங்கே வழக்கம். புடவை எடுக்க வருபவர்களும் அதை எதிர்பார்த்தே வருவார்கள். அதே கணக்கில் பதினெட்டு என்று எழுதினேன்.

"இன்ஜினியரம்மா வெலை போட்டுட்டாங்க, அப்பீலே கெடையாதுபா" என்று சிரித்தார் அண்ணன்.

கல்யாணப் புடவைக்கு அரை நாள் உட்கார்ந்து பேசுகிறவர் பொம்மைக்கு அரை நிமிடம்கூட நிற்பதில்லை. இது என் பட்டியலில் இல்லை. கருட சேவை அன்று எங்கள் திருவிழாக் கடையில் பிள்ளைகள் முண்டியடித்துப் பொத்தான்களை அழுத்தினார்கள். தகப்பன்மார் விலையைக் கேட்டார்கள். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பேரம் பேசக்கூட யாருமில்லை. மாகறலிலிருந்து வந்த ஒரு விவசாயி மட்டும், மகள் அழுததால் வாங்கினார். மறுநாள் பன்னிரண்டாக்கினேன். அதற்கடுத்த நாள் எட்டு. அன்றுதான் அந்த விவசாயி மகளோடு திரும்ப வந்தார்.

"முந்தாநாளு பதினெட்டு வாங்கிக்கினியேபா, இன்னிக்கு எட்டா? என்னப் பாத்தா இளிச்சவாயனாட்டம் இருக்குதா?"

பின்னால் யாரோ கத்தினார்: "அவசரப்படாதீங்கபா, நாளைக்குச் சும்மாவே குடுப்பான்!"

கூட்டம் சிரித்தது. கையில் எடுத்திருந்தவர்களும் கீழே வைத்துவிட்டார்கள். அண்ணன் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் பெட்டிக்குப் புது பாட்டரியும் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா கேட்டார்: "பொம்மைக்கு எவன்டா பொடவை வெலை வெச்சது?"

"நான்தாம்பா" என்றார் அண்ணன்.

நான் தட்டிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் அண்ணன் பம்பாய் போனார். கடிதங்களில் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. என் படிப்பைத்தான் விசாரிப்பார். பதில் எழுதும் முன் சொல்ல வேண்டியவற்றைப் பட்டியல் போடுவேன். முதல் வரி எப்போதும் 'அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்' என்பதுதான். அது மட்டும் கடிதத்தில் ஏறியதே இல்லை. இரண்டாம் வருடம், மஞ்சள் காமாலை என்று தந்தி வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இன்று காலை புது பாட்டரி போட்டுக் கைப்பிடியைத் திருகினேன். மூன்றாவது பல்பு எரிந்தது. அழுத்தினேன், மணி அடித்தது. ஒயர், தகடு, பொத்தான் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். அவர் செய்ததில் இன்றுவரை ஒரு பழுதும் இல்லை. பழுது, அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டில் மட்டும்தான். அது என் கையெழுத்து.