தாம்பாளத்தில் கரைத்த மஞ்சள்

பெண்கள் பள்ளியில் நிறங்களைப் பற்றி நான் எடுக்கவிருந்த வகுப்பில், பிள்ளைகள் தங்கள் கையாலேயே கலந்து பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சொல்வது சுலபம், பொருள் சேர்க்க அலைந்தவள் நான். சாலைக் கடைத்தெருவில் மஞ்சள்பொடியும், துணிக்குப் போடும் நீலமும் வாங்கினேன். வேலியோரம் செம்பருத்தி பறித்தேன். சுண்ணாம்பை மட்டும் மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டேன். மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

காலையில், கைக்கு அகப்பட்ட தாம்பாளத்தில் மஞ்சளைக் கரைத்து, பக்கத்தில் சுண்ணாம்புக் கிண்ணத்தையும் வைத்துவிட்டு, ஊற்றிக்கொண்டு போகப் புட்டி தேடி உள்ளே போனேன். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. மறுநாள் வருவதாக எழுதியிருந்த நாத்தனாரும் அவள் கணவரும் கல்யாணத்துக்குப் பின் முதல்முறையாக வந்து இறங்கியிருந்தார்கள்.

நான் புட்டியோடு ஓடி வந்தபோது, மாமியார் என் மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து, சிவக்கச் சிவக்க ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து, அத்தனையையும் வாசலில் கொட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மாப்பிள்ளையிடம் சொன்னார்:

"பாருங்கோ, நான் ஒரு வார்த்தை சொல்லலை. எம் மாட்டுப்பொண்ணு தானாவே எல்லாம் எடுத்து வெச்சிருக்கா!"

அந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அது. மஞ்சளைக் கடைத்தெருவில் இன்னொரு தடவை வாங்கிக்கொள்ளலாம். புட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "வாங்கோ" என்றேன்.