பருப்பு வேகும் வீடு வேண்டும்

எண்பத்தெட்டாம் வருடம் என்று நினைவு. ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம். அதற்குள் சொந்தமாக ஒரு வீடு பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் காலேஜில் படிக்கும் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு, சட்டி பெட்டியோடு நாங்கள் திருநெல்வேலிக்கு ரயிலேற வேண்டியதுதான். மகளைப் பிரிந்திருக்க எனக்குக் கொஞ்சமும் மனசில்லை.

கணவரோடு வேலை பார்த்தவர் ஒரு வீட்டுத் தரகரை அனுப்பி வைத்தார். மேனாம்பேட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். ஒரு பழைய சைக்கிள், கக்கத்தில் ரெக்ஸின் பை. வாய் ஓயாமல் பேசுவார். குளியலறை இல்லாத வீட்டைக்கூட, “காத்தாட குளிக்கலாம் சார்” என்று விற்றுவிடக்கூடிய ஆள்.

அவருக்கு வந்து வாய்த்த சோதனை நான். என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேக வேண்டும். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவள் நான். கல்யாணமான புதிதில், இந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் உப்புத் தண்ணீரில் பருப்பை ஏற்றிவிட்டு, மத்தியானம் வரை அடுப்பையே முறைத்துக்கொண்டு நின்ற எரிச்சல் எனக்கு ஆறவே இல்லை. அதனால் எந்த வீட்டைப் பார்த்தாலும், பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வந்து பாத்திரத்தில் பருப்பு வேகவைத்துப் பார்ப்பேன். குக்கரில் வைக்க மாட்டேன். குக்கரில் போட்டால் கல்கூட வெந்துவிடும், அதெல்லாம் கணக்கில் சேராது.

நான்காவது வீட்டில் தரகருக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னாக்கா, நீ ஊடு வாங்க வந்துகீறியா, சாம்பார் வைக்க வந்துகீறியா?” என்றார். என் கணவரும் அவரோடு சேர்ந்துகொண்டு சிரித்தார். நான் அசரவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று எல்லா வீடுகளும் பருப்பில் தோற்றன. மாதம் இரண்டு ஓடிவிட்டது. சிரித்த கணவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “நீ பருப்போடவே குடித்தனம் பண்ணு” என்று எரிந்துவிழ ஆரம்பித்தார்.

ஒன்பதாவது வீடு திருமுல்லைவாயல் பக்கம். போர்டிகோ, இரண்டு படுக்கையறை, மொட்டைமாடிக்குப் படி. என் கணவர் அதைப் பார்த்ததும் மாப்பிள்ளை மாதிரி குழைந்து போனார். அன்று பார்த்து வீட்டுக்காரர் கிணற்று மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். இறைக்கலாம் என்றால் வாளியும் கயிறும் இல்லை. “கவலிய உடுக்கா, மோட்டார் வந்ததும் நானே புட்ச்சாந்து தரேன்” என்று தரகர் என் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை பாட்டில் வந்தது. அரை மணி நேரத்தில் பருப்பு வெண்ணெயாய்க் குழைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதித் தண்ணீரையும் விட்டுக் கத்தரிக்காய் சாம்பார் வைத்து, தரகரைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டேன். “வேணாக்கா, வேணாக்கா” என்றார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கூச்சம் போலிருக்கிறது என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலையில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தரகர்தான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“அட்வான்ஸ் குடுக்காதீங்க சார். அக்கா, அது அந்த ஊட்டுத் தண்ணி இல்ல. மோட்டார் வந்ததும் வாயில ஊத்திப் பாத்தேன், உப்பு கரிக்குது. ஒம்போது ஊடு காட்டிட்டேன், இதுவும் பூட்சின்னா நான் இன்னா பண்றது? எங்க ஊட்டுக் கெணத்துல மொண்டாந்து குட்த்துட்டேன். அந்தத் தண்ணிலயே சாம்பார் வச்சு எனக்கே போட்டுட்ட. சோறு துன்னுட்டுப் போனதுலேர்ந்து தூக்கமே வர்லக்கா.”

என் கணவர் கத்த ஆரம்பித்தார். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன்? வாய்க்கு வந்தபடி திட்டத்தான் வாசலுக்குப் போனேன். சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, அடி வாங்கத் தயாராக நின்றார் மனிதர். அட்வான்ஸ் கைமாற ஒரு நாள்தான் பாக்கி. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்குக் கமிஷன் கிடைத்திருக்கும். நாங்கள் ஆயுசுக்கும் உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு எங்கள் தலைவிதியை நொந்திருப்போம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்தவரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

என் வாயிலிருந்து திட்டு வரவில்லை. “உங்க தெருவுல வீடு ஏதாவது விலைக்கு வருதா தம்பி?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். “ஒண்ணு கீதுக்கா. ஆனா சின்ன ஊடு, பாதி சிமெண்ட் ஷீட்டு. சாருக்கு அது சரிப்படாதுன்னு காட்டவேயில்ல.”

அன்று மாலையே போனோம். இந்தத் தடவை பாட்டிலை யார் கையிலும் கொடுக்கவில்லை. நானே கிணற்றில் இறைத்து, நானே சுமந்து வந்தேன். பருப்பு வெந்தது. போர்டிகோ போன துக்கத்தில் கணவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஓய்வு பெற்ற மறுமாதம் பால் காய்ச்சினோம். தரகர் கமிஷனில் பைசா குறைக்கவில்லை. அதுவும் நியாயம்தானே!

அவர் வீடு எங்களுக்கு மூன்றாவது வீடு. பின்னால் என் கணவர் படுக்கையில் விழுந்தபோதும், மகளுக்கு வரன் விசாரிக்க வேண்டியிருந்தபோதும், நான் முதலில் தட்டியது அந்தக் கதவைத்தான். எங்களிடம் பொய்யே சொல்லாத சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனாலும், சொன்ன பொய்யைத் தாங்க முடியாமல் வாசலில் வந்து கொட்டிவிட்டுப் போன அந்த மனிதரைத்தான் இன்றுவரை கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன்.